அக்காவுக்கு நான் கொடுத்த குளிசை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்காவுக்கு லாசிக்ஸ் என்ற சலம் போக்குகிற குளிசையை உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தது நான்தான். பாமசிக்காரர் கொடுக்கவில்லை, டொக்டர் எழுதவில்லை, நான் கொடுத்தேன். அதனால் வந்த வினையை நாங்கள் அனுபவித்து முடித்துவிட்டோம், அக்காவும் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே இதே குளிசையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சீனி, தேயிலை கைமாற்றுவது போலக் கொடுத்து வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் இந்தக் குளிசையை நான் குறை சொல்ல வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் கணவர் இன்று உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2019-இல் மாரடைப்பு வந்தது, தப்பிவிட்டார், ஆனால் இருதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்று எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அப்போது அதன் அர்த்தம் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியது அடுத்த வருடம் ஒரு இரவில். அதற்கு முன்னமே ஒரு கிழமையாக அவருக்குச் சப்பாத்து இறுக்கமாக இருந்தது, ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு வைத்தார், பிறகு மூன்று வைத்தார், நாங்கள் அதை வயசு என்று நினைத்தோம். அன்று இரவு ஒரு மணிக்கு மேல் எழும்பிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மூச்சு எடுக்க முடியாமல், தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, இதே மருந்தை ஊசியாக நரம்பில் ஏற்றினார்கள். அரை மணித்தியாலத்துக்குள் சலப் போத்தல் நிரம்பத் தொடங்கியது, நிரம்ப நிரம்ப அவருடைய முகம் மாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடியும்போது ஒரு தலையணையில் படுத்து நித்திரை.

அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த வெள்ளைக் குளிசை இருக்கிறது. 40 மில்லிகிராம், காலையில் ஒன்று. சனங்கள் லாசிக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், அது ஒரு கம்பனி வைத்த பெயர், மருந்தின் சொந்தப் பெயர் பியூரோசமைட். டொக்டர் எழுதித் தருகிற பழைய மருந்துத் துண்டுகளில் புரூசமைட் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வாங்கி, இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டவரை எனக்குத் தெரியும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று வார்டில் ஒரு டொக்டர் தாளில் படம் கீறிக் காட்டினார். நமது சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் தண்ணீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை, இரண்டு லீற்றரை மட்டும் சலமாக விட்டுவிட்டு மிச்சம் அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக் கொள்கிறதாம். உப்பைத் திரும்ப எடுத்தால் தண்ணீரும் பின்னால் வந்துவிடும். இந்தக் குளிசை உப்பு திரும்புகிற வழிகளில் ஒன்றை அடைத்துவிடுகிறது, உப்பு வெளியே போகிறது, தண்ணீரும் அதோடு போகிறது. நான் உப்புவெளிக்காரி, நிலாவெளிப் பக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள், எனக்கு இது உடனே பிடிபட்டது. ஆனால் போவது சோறு ஆக்கப் போடுகிற உப்பு மட்டுமில்லை. பொட்டாசியம், மக்னீசியம், கல்சியம் எல்லாம் கூடவே போகும். இருதயம் ஒழுங்காகத் துடிக்கவும் தசை இழுபடாமல் இருக்கவும் பொட்டாசியம் அளவோடு இருக்க வேண்டும். இவ்வளவும் எனக்கு அன்றைக்கே சொல்லப்பட்டது. சொல்லப்பட்டும் நான் அக்காவுக்குக் கொடுத்தேன்.

அக்கா தம்பலகாமத்தில் இருக்கிறார், வயது 63, பிரஷர் இருக்கிறது. போன வருடம் ஆவணியில் எங்களோடு நிற்க வந்தார். கச்சான் காற்று அடிக்கிற காலம், வெளியே போனால் முகம் வெந்துபோகும். வந்த அன்றே கால் இரண்டையும் நீட்டிக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே எலும்புப் பக்கமாகப் பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து கிடந்தது, பாண் மாவில் அழுத்தின மாதிரி, மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. என் கணவருக்கும் அப்படித்தான் குழி விழும். அக்கா கேட்டார், "இவருக்குப் போடுற குளிசையில ரெண்டைத் தா பிள்ளை, எனக்கும் இதே வீக்கம்தானே." எனக்கும் அப்படித்தான் பட்டது. அதே வீக்கம், அதே குழி, அதே குளிசை.

முதல் நாள் சலம் நன்றாகப் போனது, அக்காவுக்குச் சந்தோஷம். இரண்டாம், மூன்றாம் நாள் கால் வீக்கம் அவ்வளவாகக் குறையவில்லை, அதனால் என்னைக் கேட்காமலே காலையில் இரண்டாக எடுக்கத் தொடங்கினார். முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் குளிசையும் பையில் வைத்திருந்தார், அதுவும் ஒவ்வொரு நாளும். ஐந்தாம் நாள் வயிற்றோட்டம் வந்தது, வெய்யிலுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என்று நினைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், ஆனால் குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று சத்தம் போட்டார், நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழும்பினவர் கதவைப் பிடிக்குமுன் கண் இருட்டி விழுந்தார். நெற்றி வாசலில் அடிபட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்தபடி இருக்கும்போது பிரஷர் சரியாக இருக்கிறது, எழுப்பி நிற்க வைத்தால் விழுந்துவிடுகிறது. இரத்தம் சோதித்தார்கள். பொட்டாசியம் 2.7 என்று வந்தது, குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். சோடியமும் குறைவு. சிறுநீரகத்தைக் காட்டுகிற கிரியற்றினின் கூடிக் கிடந்தது. இ.சி.ஜி.யைப் பார்த்த டொக்டர் உடனே மொனிற்றரில் போடச் சொன்னார். "என்னென்ன குளிசை எடுக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்டதற்கு அக்கா பிரஷர் குளிசையை மட்டும் சொன்னார், வெட்கத்தில் மற்றதை மறைத்துவிட்டார். நான் பைக்குள்ளிருந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். உறையில் என் கணவரின் பெயர். டொக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நாலு நாள் வார்டில் வைத்து, சேலைனும் பொட்டாசியமும் கொடுத்து அனுப்பினார்கள்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அக்காவின் கால் வீங்கியதற்குக் காரணம் இருதயமும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. அவர் எடுத்த பிரஷர் குளிசைதான். அம்லோடிப்பின், 10 மில்லிகிராம். அந்த மருந்து இரத்தக் குழாய்களை விரிக்கிறது, அதனால்தான் பிரஷர் இறங்குகிறது, ஆனால் சிலருக்குச் சின்னக் குழாய்கள் விரிந்து தண்ணீர் கணுக்காலைச் சுற்றி கசிந்து தங்கிவிடுகிறது. டோஸ் கூடக் கூட வீக்கமும் கூடும். உடம்பில் உப்பும் தண்ணீரும் மிஞ்சிப்போய் வருகிற வீக்கம் இல்லை அது, தண்ணீர் இருக்கிற இடம் மாறிப்போன வீக்கம். அதற்குச் சலம் போக்குகிற குளிசையைக் கொடுத்தால் இரத்தத்திலிருக்கிற தண்ணீர்தான் போகும், கால் அப்படியே கிடக்கும். கால் வற்றவில்லையே என்று இன்னும் ஒன்று போடுவார்கள், இன்னும் இரத்தம் வற்றும். அக்காவுக்கு நடந்தது இதுதான். டொக்டர் அம்லோடிப்பினை நிறுத்தி வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார், இரண்டு கிழமையில் கால் தானாகவே வற்றியது, ஒரு லாசிக்ஸும் இல்லாமல்.

நிபெடிப்பினும் இதே வகைதான். இப்புரூபன், டைக்குளோபினாக் போன்ற நோவுக் குளிசைகள் தாங்களே தண்ணீரையும் உப்பையும் உடம்பில் பிடித்து வைக்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் பிடித்து வைக்கும். ஆகவே கால் வீங்கினால் முதலில் குளிசைப் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்க வேண்டும், புதுக் குளிசை தேட வேண்டியது அதற்குப் பிறகுதான். நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, பிரஷர் குளிசையைச் சொந்த யோசனையில் நிறுத்துவது அதைவிட ஆபத்து. பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள்.

வீக்கத்துக்கு வேறு காரணங்களும் எத்தனையோ. ஈரல் பழுதானவர்களுக்கு வயிறும் சேர்ந்து வீங்கும், அவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்பைரோனோலக்டோன் என்ற வேறு குளிசையில்தான் தொடங்குவார்கள். சிறுநீரகத்தால் என்றால் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், சலத்தில் நுரை நிற்கும். பக்கத்து வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து எத்தனை விவசாயக் குடும்பங்கள் சிறுநீரக வருத்தத்தால் பட்டுப்போயின என்று நமக்குத் தெரியும், நுரை நிற்கிற சலத்தை ஒருதரம் சோதித்துப் பார்க்கச் சோம்பல் படக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் நரம்புக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிற விஷயம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சாதாரணம், ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலையிடித்து, கண் மங்கினால் அது பிரஷர் ஏறுகிற அறிகுறி. மாமியார் வைத்திருக்கிற சலக் குளிசையைக் கொடுத்துப் பார்க்கிற வேலையை அங்கே யாரும் செய்துவிடாதீர்கள்.

சரி, என் கணவரைப் போல உண்மையிலேயே தேவைப்பட்டு எடுக்கிறவர்களுக்குச் சில விஷயம். எல்லாம் கிளினிக்கில் எங்களுக்குச் சொன்னவை, அல்லது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

கிளினிக் கொப்பியில் மருந்துக்குப் பக்கத்தில் 'மானே' என்று எழுதியிருப்பார்கள். ஐந்து வருடமாக அது டொக்டரின் கையொப்பம் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தோம். அது இலத்தீன் சொல், காலையில் என்று அர்த்தமாம். 'நொக்டே' என்றால் இரவில். இந்தக் குளிசைக்கு அந்தச் சொல் உயிர்ச்சொல், ஏனென்றால் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணித்தியாலம் அளவில் நிற்கும். இரவில் போட்டால் விடிய விடிய எழும்ப வேண்டும். எங்கள் ஊரில் பல வீடுகளில் கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி வெளியே இருக்கிறது, வயசானவர்கள் இருட்டில் தலைசுற்றலோடு எழும்பிப் போய் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக் கொள்கிறார்கள். நாளைக்கு இரண்டு தரம் எழுதியிருந்தால் இரண்டாவதைப் பின்னேரத்துக்கு முன்னமே, பகல் இரண்டு மணி அளவில் எடுக்கச் சொல்லுவார்கள்.

அடுத்தது பஸ். இதைப் பற்றி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ டவுன் கிளினிக்குக்கு வருகிறவர்கள் காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறார்கள். பஸ்ஸில் கக்கூஸ் கிடையாது, இறங்கின பிறகு நம்பர் எடுக்க வரிசை, வரிசையை விட்டால் இடம் போய்விடும். ஆகவே என்ன செய்கிறார்கள்? கிளினிக் நாளில் அந்தக் குளிசையை மட்டும் போடுவதில்லை. பெண்கள் அனேகமாக எல்லோரும். சிலர் முதல் நாளும் போடுவதில்லை. டொக்டர் காலை அழுத்திப் பார்க்கிறார், வீக்கம் கூடியிருக்கிறது, கேட்டால் "ஒழுங்காப் போடுறன் சேர்" என்ற பதில், டோஸைக் கூட்டி எழுதிவிடுகிறார். வீட்டுக்குப் போய்க் கூட்டின டோஸை ஒழுங்காகப் போட்டால் உடம்பு வற்றிவிடுகிறது. என் கணவரும் இரண்டு முறை இப்படிச் செய்தார். மூன்றாம் முறை நான் உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். டொக்டர் கோபப்படவில்லை, "விடாதீங்கோ, அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ப் பகலில போடுங்கோ" என்றார். இவ்வளவுதான் விஷயம். நேரத்தை மாற்றலாம் என்று யாருக்கும் தெரியாததால் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் டொக்டரிடமும் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கிளினிக் நடத்துகிறவர்கள், வரிசையில் நிற்கிற வயசானவர் கக்கூஸுக்குப் போய்வந்தால் அவருடைய இடம் போகாது என்று ஒரு ஒழுங்கு செய்தால் புண்ணியம்.

விரதமும் இப்படித்தான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் எங்கள் சகோதரர்கள் நோன்பு பிடித்தால் பகல் முழுக்கத் தண்ணீரே இல்லை. அந்த நாட்களில் சலக் குளிசையைப் பழைய நேரத்துக்குப் பழைய அளவில் போட்டால் உடம்பு தாங்காது, ஒரேயடியாக விட்டால் இளைப்பு வந்துவிடும். விரதம் தொடங்க ஒரு மாதத்துக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், தொடங்கின பிறகு கேட்டுப் பயன் இல்லை.

வயிற்றோட்டம், சத்தி, கடும் காய்ச்சல் வந்தால் உடனே கிளினிக்குக்கோ டொக்டருக்கோ தெரியப்படுத்திக் குளிசையைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று கேட்க வேண்டும். அக்காவின் விஷயத்தில் நான் விட்ட பெரிய பிழை அதுதான், உடம்பிலிருந்து ஏற்கனவே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது இன்னும் தண்ணீரை வெளியே தள்ளுகிற மருந்தைத் தொடரவிட்டது. நோவுக் குளிசையும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனலப்ரில், லொசாட்டன் போன்ற பிரஷர் மருந்து எடுக்கிறவர்களாக இருந்தால் மூன்று பக்கமும். எனலப்ரிலும் சலக் குளிசையும் சேர்ந்து எழுதுவது இருதய நோயில் வழக்கம்தான், டொக்டர் இரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார். அதற்குள் டைக்குளோபினாக்கை நாம் கடையில் வாங்கிச் சேர்ப்பதுதான் வினை. நோவுக்குப் பரசிட்டமோல் இருக்கிறது.

செவ்விளநீர் பற்றி ஒரு வார்த்தை. லாசிக்ஸ் போட்டால் பொட்டாசியம் குறையும், செவ்விளநீர் குடி, வாழைப்பழம் சாப்பிடு என்று எல்லோரும் சொல்லுவார்கள். அக்காவுக்கு அது பொருந்தியிருக்கும். என் கணவருக்குப் பொருந்தாது. அவர் லாசிக்ஸோடு ஸ்பைரோனோலக்டோனும் எனலப்ரிலும் எடுக்கிறார், அவை இரண்டும் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கிறவை. அவர் தினமும் இரண்டு செவ்விளநீர் குடித்தால் பொட்டாசியம் கூடி இருதயம் நின்றுபோகலாம். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறதே, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் அவருக்கு ஆகாது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஆலோசனை நேரெதிர். இரத்தம் சோதித்துப் பார்க்காமல் வாயால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. குளிசை தொடங்கி ஒன்று இரண்டு கிழமைக்குள் ஒருதரமும், டோஸ் மாற்றுகிறபோதெல்லாம் ஒருதரமும் பொட்டாசியமும் கிரியற்றினினும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் துண்டைக் கொப்பியோடு குத்தி வையுங்கள். நெருஞ்சி, நீர்முள்ளி அவித்துக் குடிக்கிறவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அவையும் சலத்தைப் போக்கத்தானே குடிக்கிறீர்கள்.

சீனி வருத்தக்காரருக்குச் சீனி கொஞ்சம் ஏறலாம், கவுட் என்ற மூட்டு வருத்தம் உள்ளவருக்குப் பெருவிரல் வீங்கலாம், யூரிக் அமிலம் கூடுவதால். காதுக்குள் இரைகிற சத்தம் கேட்டால் உடனே சொல்ல வேண்டும், பெரிய டோஸிலும் வேகமாக ஏற்றுகிற ஊசியிலும் ஜென்ரமைசின் மாதிரிக் கிருமிக்கொல்லி ஊசியோடு சேரும்போதும் காது பாதிக்கப்படலாம்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எல்லாம் வீண். உப்பை வெளியே தள்ளக் குளிசை போட்டுக்கொண்டு மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால் குளிசை எதைத் தள்ளுவது? திருகோணமலையில் கருவாட்டை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இவர் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து அவ்வளவுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினேன், சொதிக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டினேன், சூப் கட்டியை வீட்டுக்குள் எடுப்பதில்லை. கிரீம் கிரக்கர் பிஸ்கட்டிலும் பாணிலும் உப்பு இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஜிம்முக்குப் போகிற பொடியன்கள். போட்டிக்கு முன்னம் எடை குறைய, உடம்பு வெட்டித் தெரிய இந்தக் குளிசையைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குறைவது கொழுப்பு இல்லை தம்பி, தண்ணீர், அடுத்த நாள் குடித்தால் திரும்பி வந்துவிடும். வெய்யிலில் பயிற்சி செய்து வியர்த்த உடம்பில் பொட்டாசியத்தையும் இறக்கிவிட்டால் இருபது வயசு இருதயமும் தாளம் தப்பும். விளையாட்டு வீரர்களுக்கு 1988-இலேயே ஒலிம்பிக் குழு இந்த வகை மருந்துகளைத் தடை செய்துவிட்டது.

பாமசிகளுக்கு ஒரு வேண்டுகோள். இது டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. அக்கா வீட்டுக்குத் திரும்பின பிறகு, சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு கடையில் போய் "லாசிக்ஸ் பத்து தாங்கோ" என்று கேட்டேன், யாருக்கு என்று கூடக் கேட்காமல் வெட்டித் தந்தார்கள். கடையின் பெயரை எழுதமாட்டேன், அந்தப் பிள்ளையின் வேலை போவது எனக்கு வேண்டாம். ஆனால் உறையில் ஒரு வரி தமிழில் எழுதுங்கள். மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு. இப்போது எங்களுக்குக் கிடைக்கிற உறையில் ஒரு கோடு, ஒரு ஆங்கிலச் சொல், சிலவேளை அதுவும் அழிந்திருக்கும். பேராசிரியர் சேனக பிபிலே 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கக் காரணமாக இருந்து, மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று போராடினார், அந்த நாட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். உறையில் 'பியூரோசமைட், இருதயத்துக்கு, காலை 7 மணி' என்று எழுதியிருந்தால், இருதயத்துக்கு என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்தாவது நான் அக்காவிடம் கொடுக்காமல் நின்றிருப்பேன்.

உங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்திலும் இதை ஒருதரம் பெரிய எழுத்தில் போடுங்கள், எந்தெந்தக் குளிசையால் கால் வீங்கும் என்று ஒரு டொக்டரைக் கொண்டு எழுதுவியுங்கள். வெட்டிக் குளிசைப் பெட்டியில் ஒட்டி வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் கணவர் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, சலம் போய்விட்டு, தேத்தண்ணிக்கு முன்னம் தராசில் ஏறுகிறார். கலண்டரில் எழுதுகிறோம். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் சாப்பாட்டால் வந்த கொழுப்பு இல்லை, தண்ணீர், உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். வேகமாகக் குறைந்தாலும் அப்படித்தான். இன்று 61.4. நேற்றும் அதுதான். அக்கா இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் குளிசைகளை ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகக் கொண்டு வருகிறார், மூடியில் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.